கேட்பவருக்கு மூன்று நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜூலை 26 அன்னம்மாள் திருநாளுக்குப் புக்கிட் மெர்தாஜாம் தேவாலயத்துக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்களில் இந்துக்களும் உண்டு. அவர்களில் ஒருவர் பக்கத்தில் நிற்பவரிடம், "அன்னம்மாள்னா யாருங்க?" என்று கேட்டால், "ஃபாதரைக் கேளுங்க" என்று நழுவுகிற கிறிஸ்தவர்களே அதிகம். மரியாளின் தாய், இயேசுவுக்குப் பாட்டி, பைபிளில் இல்லாத பெயர், திருச்சபை மரபில் வந்தது. பதில் இவ்வளவுதான். இதைச் சொல்லவும் நா எழாததற்கு விசுவாசக் குறைவு காரணமல்ல. வாயைத் திறந்தால் 'மதம் மாத்த வந்துட்டாங்க' என்ற பேச்சு வருமே என்ற கூச்சம்.

கூச்சத்திலும் நியாயம் இருக்கிறது. மலேசிய இந்தியர்களில் ஏறத்தாழ 86 விழுக்காட்டினர் இந்துக்கள், 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள் என்றது 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மாமன் வீட்டில் திருநீறு, மச்சான் வீட்டில் சிலுவை என்று ஒரே குடும்பத்திலேயே இரண்டும் இருக்கும். போதாததற்கு, சபைக்காரர்கள் சிலர் அரிசி மூட்டையோடு கைப்பிரதியையும் சேர்த்து நீட்டிவிடுகிறார்கள். பசியில் இருப்பவர் அதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? உதவியும் சாட்சியும், அதாவது நம் விசுவாசத்தை எடுத்துச் சொல்வதும், ஒரே பையில் போகக் கூடாது.

சட்டத்தைப் பற்றிய பயத்துக்கு, சட்டத்தைத் தெரிந்துகொள்வதே மருந்து. கூட்டரசு அரசமைப்பின் 11(1) பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. முஸ்லிம்களிடையே பிற சமயப் போதனையைப் பரப்புவதைச் சட்டமியற்றிக் கட்டுப்படுத்த 11(4) இடமளிக்கிறது. அதனால் தமிழ் முஸ்லிம் நண்பரோடு நட்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் சமயத்தைத் தீர்மானிப்பது பெற்றோரோ காப்பாளரோ என்கிறது 12(4). டியூஷனுக்கு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் பெற்றோருக்குத் தெரியாமல் பைபிள் கதை சொல்வது அவர்களுக்குச் செய்யும் துரோகம்.

மிச்சத் தயக்கத்தைப் போக்க ஒரு தாளும் பேனாவும் போதும். பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் 26-இல் அகிரிப்பா ராஜாவின் முன் பவுல் பேசுவது 22 வசனம்தான். முன்பு எப்படி இருந்தேன், வழியில் என்ன நடந்தது, அதன்பின் என்ன செய்கிறேன் என்று மூன்று பங்கு. அதே வரிசையில் உங்கள் விசுவாச அனுபவத்தை ஒரு பக்கம் எழுதி, வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் வெட்டுங்கள். நம்மவர் சறுக்குவது முதல் பங்கில். பழைய குடியையும் சண்டையையும் சுவையாக விவரித்துவிட்டு, இயேசுவுக்குப் பத்து விநாடி ஒதுக்குவார்கள்!

அடுத்தது சொற்கள். 'இரட்சிக்கப்பட்டேன்', 'அபிஷேகம் பெற்றேன்' என்றால் கோயிலுக்குப் போகிறவர் காதில் அபிஷேகம் பாலும் பன்னீருமாகத்தான் விழும். கிருபையை 'அருள்' என்று சொல்லுங்கள், உடனே புரியும். மற்றவற்றை வீட்டில் பேசும் தமிழில் விளக்குங்கள். 'விக்கிரக ஆராதனை' என்ற சொல் வந்துவிட்டால் பேச்சு அன்றோடு முடிந்தது. அவர் சாமியோடு ஒப்பிடவே வேண்டாம். பிரசாதம் வாங்க மனம் இடம் தராவிட்டால் பணிவாக ஒரு வரியில் சொல்லிவிடலாம். சிரித்தபடி வாங்கி, படியிறங்கியதும் குப்பையில் போடுவதுதான் அவமதிப்பு.

அதற்காக, எழுதியதை லிஃப்டில் மடக்கி ஒப்பிக்கக் கூடாது. "பசியாறிட்டீங்களா" என்று தினமும் விசாரிக்கும் பழக்கம் இருக்கும் இடத்தில்தான் இது எடுபடும். அண்டை வீட்டு அக்கா கணவரின் டயாலிசிஸ் பற்றிச் சொன்னால், "உங்களுக்காக ஜெபிக்கலாமாக்கா?" என்று கேளுங்கள். சரி என்றால் அரை நிமிடம், பேசும் குரலில், தலையில் கை வைக்காமல். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் கழித்து, "அண்ணனுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மறுபடி விசாரிப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதலில் ஜெபித்தது அக்கறையா ஆள்பிடிப்பா என்பதை அக்கா அங்கேதான் தெரிந்துகொள்வார். பதில் தெரியாத கேள்வி வந்தால், "தெரியலைக்கா, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லி, நிஜமாகவே திரும்பிப் போங்கள்.

இயேசுவைப் பற்றிச் சந்தேகப்பட்ட நாத்தான்வேலிடம் சீடன் பிலிப்பு வாதாடவில்லை, "வந்து பார்" என்றான். அப்படி யாரையாவது அழைத்து வருகிறவர், ஆராதனை இரண்டு மணி நேரம் ஆகலாம், காணிக்கைப் பையில் எதுவும் போட வேண்டியதில்லை, நற்கருணையின்போது இருக்கையிலேயே இருக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். போதகருக்கும் ஒரு வார்த்தை: புதிதாக வந்தவர்களை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டாதீர்கள்.

இப்படிக்கு,
சபை மூப்பர் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.