பதினேழாம் கேசட்

சயான் கோலிவாடா, மும்பை
ஞாயிறு இரவு

அன்புள்ள பேச்சி,

பொங்கலுக்கு நீ எழுதிய கடிதம் மேஜை டிராயரில் ஐந்து மாசமாகக் கிடக்கிறது. டிராயரைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும், நாளைக்கு உட்கார்ந்து எழுதணும் என்று மூடிவிடுவேன். தப்பு என்னுடையதுதான். மன்னித்துக்கொள்.

இங்கே எல்லாரும் சுகம். இவருக்குச் சுகர் கட்டுக்குள் இருக்கிறது. பெரியவன் பன்னிரண்டாவது முடித்துவிட்டான். மாரியக்கா போன வாரம் மாட்டுங்காவில் பூ வாங்க வந்தவள் வீட்டுக்கும் வந்தாள். உன்னையும் கேட்டாள், ஏழாம் நம்பர் குழாயையும் கேட்டாள். உன் வீட்டுக்கார அண்ணன் விஆர்எஸ் வாங்கிய கையோடு தோசை சுடப் பழகுகிறார் என்று எழுதியிருந்தாய். அவர் சுட, நீ பக்கத்தில் நின்று கல் காயவில்லை, மாவு கெட்டி என்று சொல்லிக்கொண்டிருப்பாய். பாவம், அவரை நிம்மதியாகச் சுட விடு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் கேசட்டெல்லாம் கையை விட்டுப் போகத் தெரிந்தது, பேச்சி.

தோல் கிடங்கிலிருந்து வந்து குளித்துவிட்டு, அந்தச் சிவப்பு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு தாராவியில் சந்து சந்தாகப் போவாரே. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த ஆச்சிமார் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, கோயில் கொடையில் நடந்த வில்லுப்பாட்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அன்றைக்குக் கிராஸ் ரோடு வீட்டில் இடுப்பளவு தண்ணீர். கீழே இருந்த கேசட் பெட்டிகள் அத்தனையும் ஊறிப்போயின. பரண்மேல் இருந்த 61 மட்டும் மிச்சம். 2011-ல் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ஓடும்போதே நாடாவிலிருந்து பழுப்புத் தூள் உதிர்ந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைப்பேன், ஓட்டுவேன், மறுபடியும் துடைப்பேன். இன்னொரு தடவை அந்த நாடாக்கள் ஓடாது.

ஒரு பிரதி ஹார்ட் டிஸ்கில், ஒரு பிரதி பெரிய கம்பெனி ஒன்றின் கிளவுடில் வைத்திருந்தேன். பிப்ரவரியில் ஒருநாள் காலை அந்தக் கணக்கு பூட்டிக் கிடந்தது. விதிமீறலாம். எந்த விதி, எந்தக் கோப்பு, ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது தடவை எழுதினேன். ஒன்பது தடவையும் அதே நாலு வரி பதில், மிஷின் எழுதியது. சரி, ஹார்ட் டிஸ்க் இருக்கிறதே என்று பீரோவிலிருந்து எடுத்துச் செருகினேன். டிக், டிக், டிக் என்று சத்தம் மட்டும் வந்தது. இருபத்தி நாலு வருஷமாக சர்வர் பார்க்கிறவள் நான். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அன்றைக்கு ஆபீசுக்குப் போகவில்லை.

நாற்பத்தியோரு நாள். அப்புறம் ஒரு காலையில், ஒரு வார்த்தை சொல்லாமல் கணக்கு திறந்திருந்தது. எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டேன். அழுகை வந்தது, ஆனால் சந்தோஷத்தில் இல்லை. அப்பா வேர்வை சிந்திச் சேர்த்ததன் சாவி இத்தனை வருஷமாக, பேர் தெரியாத யாரோ ஒருவர் கையில் இருந்திருக்கிறது.

அதிலிருந்துதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. ராத்திரி ஒரு மணி வரை படிக்கிறேன். பொறுமையாகக் கேள், கடைசியில் உன்னிடம் இரண்டு காரியம் கேட்கப் போகிறேன்.

ராசம்மா அக்கா சீட்டு நடத்தினாளே, நோட்டு அவளிடம் மட்டும்தான் இருக்கும். அவள் எழுதியதுதான் கணக்கு. அதே நோட்டின் பிரதி இருபது பேர் வீட்டிலும் இருந்து, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் முந்தின பக்கத்தின் கைரேகை, அதாவது அதில் எழுதியதிலிருந்தே கணக்குப் போட்டு எடுத்த ஒரு அடையாளம், பதிந்திருந்தால்? பழைய பக்கத்தில் ஒரு எண்ணைத் திருத்தினால் அதற்குப் பிறகு வரும் அத்தனை ரேகையும் மாறிப்போகும், இருபது பேருக்கும் தெரிந்துவிடும். பிளாக்செயின் என்பது அவ்வளவுதான்.

ஆனால் பலரும் நினைப்பதுபோல் பாட்டு அந்த நோட்டுக்குள் இருக்காது. கணக்குப் பார். ஒரு மணி நேரக் கேசட்டை சிடி தரத்தில் வைத்தால் 600 எம்பி. பிட்காயின் என்ற டிஜிட்டல் காசின் நோட்டில் பத்து நிமிஷத்துக்கு ஒரு பக்கம், 2017 வரை பக்கத்துக்கு 1 எம்பிதான் உச்சம். உலகத்தில் வேறு யாருடைய வரவுசெலவும் எழுதாமல் நிறுத்தி வைத்தாலும் ஒரு கேசட்டை எழுத நாலு நாளுக்கு மேல் ஆகும். அதனால் பாட்டு வெளியே இருக்கும். யார் வைத்திருக்கிறார்கள், எத்தனை நாளைக்கு, எவ்வளவு கூலி, சொன்னபடி வைத்திருக்கிறார்களா, இதுதான் நோட்டில் ஏறும்.

வெளியே எங்கே? ஐபிஎஃப்எஸ் என்று ஒரு கோப்புப் பகிர்வு முறை. ஹுவான் பெனெட் என்பவர் 2014-ல் ஆரம்பித்த புரோட்டோகால் லேப்ஸ் என்ற கம்பெனி 2015-ல் வெளியிட்டது. நாம் பழகிய இணைய முகவரி, வீட்டு விலாசம் மாதிரி: இந்தக் கம்பெனி, இந்த மிஷின், இந்த அறை. கம்பெனி கதவைச் சாத்தினால் விலாசம் செத்தது. இதில் கோப்புக்கு விலாசமே கிடையாது, கைரேகைதான். ஹாஷ் என்பார்கள். கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கணக்குப் போட்டு எடுப்பது. ‘இந்த ரேகைக்காரன் யாரிடமாவது இருக்கிறானா?’ என்று கேட்டால், உலகத்தில் யாரிடம் இருந்தாலும் வந்துவிடும். வந்தது அசல்தானா என்று ரேகையை நாமே ஒப்பிட்டுக்கொள்ளலாம். நடுவில் எவனாவது ஒரு நொடியை வெட்டியிருந்தாலும் ரேகை பொருந்தாது. 2017-ல் துருக்கி அரசு விக்கிபீடியாவை முடக்கியபோது, துருக்கி மொழிப் பிரதியை இப்படித்தான் ஐபிஎஃப்எஸ்ஸில் ஏற்றி வைத்தார்கள். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

உடனே வில்லுப்பாட்டுக் கோப்பு மூன்றை என் லேப்டாப்பிலிருந்து ஏற்றி, சென்னையில் தம்பிக்கு ரேகையை அனுப்பினேன். திறந்தது. குடத்தில் தாளம் விழும் சத்தம் அப்படியே கேட்கிறது அக்கா என்றான். லேப்டாப்பை மூடிவிட்டு, நாத்தனார் மகள் கல்யாணத்துக்குப் புனே போனேன். எட்டு நாள் கழித்து மறுபடி திறக்கப் பார்த்திருக்கிறான், சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. என் லேப்டாப் தூங்குகிறது, வழியில் தற்காலிகமாகத் தங்கிய பிரதியும் துடைக்கப்பட்டுவிட்டது. ரேகை மட்டும் இருக்கிறது, ஆள் இல்லை! ஏட்டி, நான் எவ்வளவு பெரிய தப்பாகப் புரிந்துவைத்திருந்தேன் பார். அங்கே எதுவும் தானாக வாழாது. யாராவது ஒருவர் ‘இதை நான் வைத்துக்கொள்கிறேன்’ என்று தன் மிஷினில் பிடித்து வைக்க வேண்டும். பின் பண்ணுவது என்பார்கள். பின் பண்ண ஆள் இல்லாவிட்டால், பரணும் இல்லாத வீடுதான்.

ஊர் பேர் தெரியாத ஆளை அப்படிப் பிடித்து வைக்கச் செய்வது எப்படி என்பதற்குத்தான் பிளாக்செயின் வருகிறது. கூலிக்குக் கோப்பு வைத்துக்கொள்ளும் பைல்காயின் என்ற வலை 2020 அக்டோபரில் ஓட ஆரம்பித்தது. இடம் கொடுப்பவர் முதலில் ஈடு கட்ட வேண்டும். அப்புறம் ஒவ்வொரு 24 மணி நேரத்திலும், வைத்திருக்கிறேன் என்று கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். வாய்ச்சொல் செல்லாது, கையில் கோப்பு இருந்தால்தான் அந்தக் கணக்குக்கு விடை வரும். தவறினால் ஈட்டில் கை வைத்துவிடுவார்கள். நாற்பத்தியோரு நாள் கதவைத் தட்டிக்கொண்டு நின்றவளுக்கு, தினமும் ஒருவன் வந்து ‘பத்திரமாக இருக்கிறது’ என்று நிரூபித்துவிட்டுப் போவது எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா? ஒப்பந்தத்துக்குக் காலக்கெடு உண்டு, முடிவதற்குள் புதுப்பிக்க வேண்டும். அதை எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைக்கலாம்.

ஸ்டோர்ஜ் என்று இன்னொன்று. கோப்பைப் பூட்டி, பல துண்டாக்கிப் பல பேரிடம் கொடுக்கும். எல்லாத் துண்டும் வேண்டாம், அதில் ஏதாவது ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை கிடைத்தால் முழுக்கோப்பும் திரும்ப வரும். இதற்குப் பின்னால் இருப்பது ரீட், சாலமன் என்ற இருவர் 1960-ல் எழுதிய கணக்கு. சிடியில் கீறல் விழுந்தாலும் பாட்டு ஓடியதே, அதே கணக்கு! ஆனால் எந்தத் துண்டு எங்கே என்ற பட்டியலை அவர்களுடைய ஒருங்கிணைப்பு சர்வர்தான் வைத்திருக்கிறது. அதனால் அதை மட்டும் நம்பி இருக்க மனசு வரவில்லை. இந்த வலைகளின் டிஜிட்டல் காசான காயினை வாங்கிக் கூலி கொடுப்பதும் நம் ஊரில் லேசான காரியம் இல்லை. 2022-லிருந்து லாபத்தில் 30 சதவீதம் வரி, கைமாறும்போது 1 சதவீதம் பிடித்தம். கார்டில் பணம் வாங்கிக்கொள்கிற இடமாகப் பார்த்துத்தான் போக வேண்டும்.

இப்போது முதல் காரியம். தெரியாத ஆட்கள் ஒரு பக்கம் இருக்கட்டும். தெரிந்தவர்கள் மூன்று பேர் வீட்டில் பிரதி இருக்க வேண்டும்: இங்கே நான், சென்னையில் தம்பி, பாளையங்கோட்டையில் நீ. ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்றும் ஒரு டிஸ்கும் மாரியக்கா மகனிடம் கொடுத்து நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ஸில் அனுப்புகிறேன். ரவுட்டர் பக்கத்தில் செருகிவைத்தால் போதும். கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்துகொள்ளும். 61 கேசட்டும் சேர்த்தே 37 ஜிபிதான். உன் வீட்டிலிருந்து வெளியே தெரியச் செய்ய வேண்டிய வேலையை இங்கிருந்தே நான் பார்த்துக்கொள்கிறேன். தூசி தட்டுகிறேன் என்று அண்ணன் பிளக்கைப் பிடுங்காமல் மட்டும் பார்த்துக்கொள்.

ஏற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பூட்டித்தான் ஏற்றுவேன், ஏனென்றால் ரேகை தெரிந்த எவரும் ஐபிஎஃப்எஸ்ஸிலிருந்து எடுத்துக் கேட்கலாம். சாவி தொலைந்தால் மறந்துவிட்டேன் என்று முறையிட அங்கே ஆபீஸ் கிடையாது. அதற்கும் ஒரு வழி இருக்கிறது: ஷமீர் என்பவர் 1979-ல் சொன்ன முறை. சாவியை மூன்று பங்காகப் பிரித்தால், எந்த இரண்டு பங்கு சேர்ந்தாலும் திறக்கும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. உன் பங்கைத் தாளில் எழுதி அனுப்புவேன். பத்திரக்கட்டோடு வை, போனில் படம் எடுக்காதே.

இத்தனை அவசரம் எதற்கு என்று கேட்பாய். தாராவியில் நம் பழைய சந்தில், இடித்துப் புதிதாகக் கட்டுவதற்காக, சர்வேக்காரர்கள் வீட்டுக்கு வீடு நம்பர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். இசக்கியம்மன் மேடையிலிருந்து குழாய் வரை எல்லாக் கதவிலும் நம்பர். கட்டடம் வரட்டும், நல்ல வீடு கிடைக்கட்டும். ஆனால் அந்தச் சந்துகளின் சத்தம் இந்த 61 கேசட்டில்தான் இருக்கிறது.

இரண்டாவது காரியம்தான் என்னை இரண்டு மாசமாக அரிக்கிறது. இதை எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் டிராயரையே மூடிமூடி வைத்தேன்.

ஆர்வீவ் என்று ஒரு வலை, 2018-லிருந்து ஓடுகிறது. ஒரே தடவை பணம் கட்டினால் போதும். அந்தப் பணத்தை நிதியாக வைத்து, வருஷாவருஷம் சேமிப்புச் செலவு குறைந்துகொண்டே வரும் என்ற கணக்கில், குறைந்தது 200 வருஷம் வைத்திருப்பதாகத் திட்டம். நம் பேரன் பேத்திக்கும் பின்னால். கொடைப் பாட்டையும் தாலாட்டையும் அதில் பூட்டாமல் எல்லாரும் கேட்கிற மாதிரி போட ஆசை. தம்பியும் சரி என்றான். ஆனால் அதில் போட்டதைப் போட்டவரே நினைத்தாலும் திரும்ப எடுக்க வழியில்லை. 2023-ல் நம் நாட்டில் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், என் தகவலை அழித்துவிடு என்று கேட்கும் உரிமையைக் கொடுக்கிறது. அங்கே யாரைப் போய்க் கேட்பது?

பதினேழாம் கேசட்டில் அத்தை, உன் அம்மா, இருக்கிறார்கள், பேச்சி. முதல் பக்கம் தாலாட்டு. இரண்டாம் பக்கம், உன் சின்னண்ணன் இறந்துபோன பதினாறாம் நாள். உனக்கு இது தெரியுமா தெரியாதா என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு நிமிஷம் ஒப்பாரி வைக்கிறார்கள். கடைசியில் உன் பெரியப்பா பேரைச் சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கேட்ட பணத்தைப் பற்றி, அப்படியே பாட்டிலேயே நியாயம் கேட்கிறார்கள். நடுவில் இருமல் வந்து நின்றுபோகிறது. பின்னால் பிரஷர் குக்கர் விசில். அப்பா குரல்: “நிறுத்திரவா தங்கச்சி?” கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை, நாடா ஓடும் இரைச்சல் மட்டும். அப்புறம் அத்தை: “ஓடட்டும் அண்ணாச்சி. யாராவது கேக்கட்டும்.”

நான் அதைப் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். அத்தை சொன்னது கேசட்டுக்கு. சந்தில் நாலு பேர் கேட்பதற்கு. இருநூறு வருஷத்துக்கு, உலகம் முழுக்கக் கேட்பதற்கு அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள எனக்கு என்ன உரிமை? பெரியப்பா பிள்ளைகள் உன் தெருவிலேயே இருக்கிறார்கள், உன் மகள் கல்யாணத்துக்கு முன்னால் நின்று செய்தவர்கள். இன்னொரு பக்கம், யாராவது கேட்கட்டும் என்று ஒரு தாய் சொன்னதைப் பூட்டி வைக்கவும் எனக்கு உரிமை இல்லை.

அதனால் பதினேழை மட்டும் எதிலும் ஏற்றவில்லை. ஒரு பென் டிரைவில் போட்டு, அந்தப் பெட்டியோடே தனிக்கவரில் அனுப்புகிறேன். பெட்டி வந்ததும் அண்ணனும் பிள்ளைகளும் வெளியே போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கேள். தாலாட்டை முதலில் கேள். அதில் உன் பேர் வருகிறது. மறுபக்கத்தை அன்றைக்கே கேட்க வேண்டும் என்று இல்லை.

கேட்ட பிறகு போன் பண்ணாதே, எழுது. நான் காத்திருக்கிறேன்.

உன்
சொர்ணம்