ஒரு சென்ட் மனையும் இரண்டு பேருந்துகளும்

அரும்பாக்கம், சென்னை.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளும் மருமகனும் இருவருமாக வேலை பார்த்தும் கோவையில் சம்பளத்தின் பெரும்பகுதி வாடகைக்கே போய்விடுகிறது என்று எழுதியிருந்தாய். உடனே பதில் எழுத உட்கார்ந்தவன், அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்ததில் இரண்டு நாள் தாமதித்துவிட்டேன். வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரண்மேல் இருந்ததையெல்லாம் இறக்கியபோது, அப்பா மனைக்கு மாதத் தவணை கட்டிய அட்டை கிடைத்தது. ஓரம் செல்லரித்துப் போயிருந்தாலும், ஒவ்வொரு மாதத்துக்கும் நேராக ஊதா மையில் குத்திய முத்திரை இன்னும் தெரிகிறது.

நம் இரு குடும்பங்களும், பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் ஆங்கிலச் சுருக்கப் பெயர் கொண்ட எம்எம்டிஏ காலனிக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். 1977இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டத்தில், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைகளைப் பிரித்து, சாலையும் குடிநீரும் கழிவுநீர்க் குழாயும் முதலில் போட்டுவிட்டு, சிறிய மனைகளைக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தவணை முறையில் கொடுத்தார்கள். நமக்குக் கிடைத்தது ஒரு சென்ட்டை ஒட்டிய நிலம். அதில் ஒரு கழிப்பறை, ஒரு குளியலறைச் சுவர், ஒரு தண்ணீர்க் குழாய், அவ்வளவுதான். மீதியை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். அப்பா முதல் ஆண்டு கீற்றுக் கொட்டகை போட்டார். செங்கல்லை வண்டிக் கணக்கில் வாங்க முடியாமல் நூறு நூறாக வாங்கி அடுக்கினார். அம்மா எடுத்த சீட்டுப் பணத்தில் ஐந்தாம் ஆண்டு கான்கிரீட் தளம் விழுந்தது. தளத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த தூண் கம்பிகளில்தான் பல ஆண்டுகள் துணி உலர்த்தினோம். அந்தக் கம்பிகளின் மேல் எழும்பிய மாடி வாடகையில்தான் என் தங்கை கல்லூரிக்குப் போனாள்.

இது ஏன் நடந்தது என்று யோசிக்கும்போது, நம் அப்பாக்களின் உழைப்பை மட்டும் காரணமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதன்மைச் சாலையோரத்துப் பெரிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அதில் வந்த உபரியால் சிறிய மனைகளின் விலையைக் குறைத்தார்கள். வசதி படைத்தவரும் இல்லாதவரும் ஒரே காலனிக்குள் குடியேறியதால், கடைக்கும் பள்ளிக்கும் பேருந்துக்கும் நாம் தனியாகப் போராட வேண்டியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அப்பா அண்ணா சாலை அச்சகத்துக்குச் சைக்கிளிலேயே போய்வந்தார். முதல் தலைமுறையில் பலர் விற்றுவிட்டுப் போனார்கள் என்பது உண்மைதான். ஆனால் விற்றவர் கையிலும் ஏதோ கொஞ்சம் மூலதனம் நின்றது.

இப்போது எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடும் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். கூவம் கரையில் இருந்த அவருடைய வீட்டை அகற்றி, நகரின் தென்கோடியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு கொடுத்திருக்கிறார்கள். மழை பெய்தால் ஒழுகாத கூரையும் வீட்டுக்குள்ளேயே கழிப்பறையும் கிடைத்ததை அவர் ஒருபோதும் குறைத்துச் சொன்னதில்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள். 25 கிலோமீட்டருக்கும் மேல், இரண்டு பேருந்து மாறி வருகிறார். விடியற்காலை நான்கரைக்கு எழுந்தால்தான் எட்டு மணிக்குப் பெட்டியில் கரி மூட்ட முடியும். 2021 மே மாதம் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டிருக்காவிட்டால் அந்த வீட்டை விட்டுவிட்டு வந்திருப்பேன் என்றார். பேருந்துத் திட்டம் என்று நாம் நினைப்பது அவருக்கு வீட்டு வசதித் திட்டமாக இருக்கிறது.

குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுப்பதுதான் பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. கடற்கரையோரத்து நொச்சிக்குப்பம் அப்படித்தான் எழுந்தது. 2000க்குப் பிறகுதான் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் ஏழைகள் ஆயிரக்கணக்கில் தெற்கே ஒதுக்கப்பட்டார்கள். பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் மறுகட்டுமானம் செய்வதை இப்போது வாரியம் மேற்கொண்டிருப்பது எனக்கு உண்மையான மகிழ்ச்சி தருகிறது. ஆனால் கட்டி முடிக்கும்வரை வெளியே தங்க ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கும் கருணைத் தொகை 24,000 ரூபாய். வேலை ஒன்றரை ஆண்டில் முடியும் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 1,333 ரூபாய்தான் வருகிறது. இந்த நகரத்தில் அதற்கு ஓர் அறை யார் கொடுப்பார்கள்?

என்னை அதிகம் உறுத்துவது வேறொரு செய்தி. சென்னைப் பெருநகரில் எங்கே எதை எப்படிக் கட்டலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) இரண்டாவது 2008இல் நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகளில், ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட இடத்தில் கட்டுபவர், சாலை நீங்கலாக 10 விழுக்காட்டு நிலத்தில், 45 சதுர மீட்டருக்கு மிகாத வீடுகளைக் குறைந்த வருமானத்தினருக்காகக் கட்ட வேண்டும் என்று இருந்தது. அந்த வீடுகள் அதே வளாகத்திலோ, 2 கிலோமீட்டர் சுற்றளவுக்குள்ளோ இருக்க வேண்டும். அந்த 2 கிலோமீட்டர் என்ற சொல்லை எழுதியவரை நான் மனதார வணங்குகிறேன். அந்த அடுக்குமாடி வளாகங்களில் வீட்டு வேலை செய்பவரும் காவல் காப்பவரும் நடந்தே வேலைக்குப் போகும் தூரம் அது. பின்னர், வீட்டுக்குப் பதிலாக ஏழைகளுக்கு வீடு கட்டுவதற்கான அரசின் உறைவிட நிதிக்குக் கட்டணம் செலுத்தும் வழி வந்தது. பணம் வாரியத்துக்கு வேண்டியதுதான். ஆனால் அந்தப் பணத்தில் வீடு எழும்பும் இடம் நிலம் மலிவாகக் கிடைக்கும் இடமாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் இரண்டு பேருந்து மாற வேண்டியிருக்கிறது.

பெருநகர் வளர்ச்சிக் குழுமம் மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கான பணியில் இறங்கியிருப்பதை நீ அறிவாய். எங்கள் வார்டு மக்கள் கூடிக் கோரிக்கை வைக்கும் பகுதி சபைக் கூட்டத்தில் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறேன். மெட்ரோ நிலையங்களையும் பேருந்து நிலையங்களையும் ஒட்டியுள்ள அரசு நிலத்தில் ஒரு பங்கை, நமக்குக் கொடுத்ததைப் போன்ற சிறு மனைகளாகவோ, விற்க முடியாத வாடகை வீடுகளாகவோ ஒதுக்க வேண்டும் என்றும், கட்டணம் வாங்கினால் அதே 2 கிலோமீட்டருக்குள் செலவிட வேண்டும் என்றும் கேட்டிருக்கிறேன். இஸ்திரி அக்காவும் கையொப்பமிட்டிருக்கிறார். வேலைக்கு வந்துபோகும் நேரத்தை அவரே எழுதித் தந்தார்.

நீ முப்பது ஆண்டு கட்டடப் பொறியாளனாக இருந்தவன். ஒரு சென்ட் மனையில் இன்றைய விதிப்படி கட்டடத்தைச் சுற்றிக் காலியாக விட வேண்டிய பக்கவெளி விட்ட பிறகு எவ்வளவு கட்ட முடியும் என்பதைக் கணக்கிட்டு எழுது. மனுவில் அந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது. படி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மா உன் மகளை விசாரித்தார். இங்கே மாற்றலாகி வந்தால் மாடி அவளுக்குத்தான் என்று சொல்லச் சொன்னார்.

உன் அன்பு நண்பன்