பழைய ஆலை நிலத்துக்கு "சுத்தம்" என்று ஒரே வரியில் சான்று ஏன் தருவதில்லை?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மூடிக் கிடக்கும் ஆலை நிலத்தை வாங்க நினைத்து எங்களிடம் மண் பரிசோதனைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "நிலம் சுத்தமாக இருக்கிறது என்று ஒரு சான்று கொடுங்கள்." அப்படி ஒரு சான்றை நாங்கள் எழுதித் தருவதில்லை. காரணத்தை விளக்கவே இந்த மடல்.

மண்ணில் நச்சு இருப்பதால் மட்டும் கேடு வந்துவிடாது. அது வெளியேற ஒரு வழியும், போய்ச் சேர ஓர் ஆளும் வேண்டும். ஈயம் கலந்த மண்மேல் கான்கிரீட் தளம் போட்டுக் கிடங்கு கட்டினால், தளம் உடையாத வரை அங்கே வேலை செய்பவரை அது நெருங்காது. அதே மண் வீட்டு முற்றமாக இருந்தால், விளையாடும் குழந்தையின் கையில் ஒட்டி வாய்க்குள் போகும். ரத்தத்தில் ஈயம் இவ்வளவு வரை இருக்கலாம் என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவு எதுவும் இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. எனவே அங்கே என்ன கட்டப் போகிறீர்கள் என்பதுதான் எங்கள் முதல் கேள்வி.

அடுத்தது விசாரணை. சிறிய ஊர்களில் இதற்கு ஒரு வசதி உண்டு. ஆலையில் வேலை பார்த்தவர்கள் பக்கத்துத் தெருக்களிலேயே இருப்பார்கள். கழிவுநீர் எங்கே போனது, எண்ணெய்த் தொட்டி எங்கே புதைந்திருக்கிறது, எந்தக் குழியை மண் போட்டு மூடினார்கள் என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது, அவர்களுக்குத் தெரிந்திருக்கும். செய்த தொழிலைப் பொறுத்துத்தான் தேட வேண்டிய பொருளும். முலாம் பூசிய இடமென்றால் குரோமியம், நிக்கல், சயனைடு. மரத்துக்கு மருந்து ஏற்றிய இடமென்றால் ஆர்செனிக். எரிபொருள் தேக்கிய இடமென்றால் பென்சீன்.

எங்களை அதிகம் கவலைப்பட வைப்பது, இயந்திர பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவப் பயன்பட்ட ட்ரைகுளோரோஎத்திலீன். டீசல் நிலத்தடி நீரின்மேல் மிதக்கும். இதுவோ தண்ணீரைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தி கொண்டது. நீரையும் தாண்டிக் கீழே இறங்கி, களிமண் அடுக்கின்மேல் தேங்கி, ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருக்கும். ஆவியாகி, தரை விரிசல் வழியாக வீட்டுக்குள்ளும் வரும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2012-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை வகைப்படுத்தியது. மேல்மண்ணை மட்டும் அள்ளிச் சோதித்தால் இது தெரியவே தெரியாது. ஆழத்து மண், மண்ணிடைக் காற்று, நிலத்தடி நீர் மூன்றையும் பார்க்க வேண்டும். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணிக்கவே முக்கோணமாகக் குறைந்தது மூன்று துளைகள் போட்டாக வேண்டும். மூன்று துளைகள் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

செலவைக் குறைக்க, பத்து இடத்து மண்ணை ஒன்றாகக் கலந்து, அதில் ஒரே ஒரு மாதிரி எடுத்துச் சோதிக்கலாமே என்பார்கள். உரம் போடுவதற்கு முன் வயல் மண்ணைச் சோதிக்க அது சரியான முறை. ஆலை நிலத்தில் அது உண்மையை மறைத்துவிடும். ஒரு கிலோ மண்ணில் ஓரிடத்தில் 1,000 மில்லிகிராம் ஈயமும், மற்ற ஒன்பது இடங்களில் 20 மில்லிகிராமும் இருப்பதாக வையுங்கள். கலந்தால் வருவது 118. அந்த ஒரு மூலையில்தான் உங்கள் பேரப்பிள்ளையின் ஊஞ்சல் வரப்போகிறது என்றால்?

அமெரிக்காவின் நயாகரா ஃபால்ஸ் நகரில் லவ் கெனால் என்ற கால்வாய்ப் பள்ளத்தில் ஏறத்தாழ 21,000 டன் ரசாயனக் கழிவு புதைக்கப்பட்டிருந்தது. 1953-இல் அந்த நிலம் ஒரு டாலருக்குப் பள்ளிக் குழுவின் கைக்குப் போனது. பள்ளி வந்தது, சுற்றிலும் வீடுகள் வந்தன. 1978-இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அதே நாட்டின் சியாட்டில் நகரிலோ, 1956-இல் நின்றுபோன எரிவாயு ஆலையின் நிலத்தில் 1975-இல் பூங்கா திறந்தார்கள். அங்கும் தார்க் கழிவு இருந்தது. ஆனால் இருப்பது தெரிந்தே திட்டம் போட்டார்கள். பின்னாளிலும் சுத்திகரிப்பைத் தொடர்ந்தார்கள்.

கெட்ட மண் முழுவதையும் தோண்டி லாரியில் ஏற்றிவிடலாம் என்ற யோசனையை நாங்கள் எளிதில் ஆதரிப்பதில்லை. சிறிய ஊரில் நிலத்தின் விலையே அந்தச் செலவுக்கு ஈடாகாது. நச்சும் இன்னோர் ஊருக்குத்தான் போகும். எண்ணெய்க் கழிவென்றால் காற்றும் ஈரமும் கொடுத்தால் நுண்ணுயிர்களே பெரும்பகுதியைத் தின்றுவிடும். உலோகங்கள் அப்படி அழிவதில்லை. அவற்றை மூடியோ, கரைந்து நகராதபடி மண்ணிலேயே கட்டிப்போட்டோ வைக்க வேண்டும். "இங்கே தோண்டக் கூடாது, குடிநீருக்குத் துளை போடக் கூடாது" என்ற நிபந்தனை பத்திரத்திலேயே ஏற வேண்டும். இல்லையென்றால் அடுத்து வாங்குபவர் அறியாமல் தோண்டிவிடுவார். சுத்தமான பக்கத்தில் வீடு, மோசமான பக்கத்தில் வண்டி நிறுத்துமிடம் என்று மனைகளைப் பிரிப்பதே பல நேரம் நல்ல வழி.

முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் எங்களிடம் வாருங்கள். நிலத்தின் வரைபடம், கட்ட நினைப்பதன் விவரம், துளை போட விற்பவர் எழுத்தில் தரும் சம்மதம் ஆகிய மூன்றும் கையில் இருந்தால் வேலையை உடனே தொடங்கிவிடலாம். எந்த இடத்தில், எந்த ஆழத்தில், என்ன இருக்கிறது, எந்தப் பயன்பாட்டுக்கு அது ஒத்துவரும் என்று எங்கள் அறிக்கை சொல்லும்.

அன்புடன்,
மண், நிலத்தடி நீர் ஆய்வுக் குழுவினர்