வெண்ணெய் நிறுத்த கல்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. கிணற்றில் கரிசல் முடிந்து சுக்கான்கல், அதற்குக் கீழே மஞ்சள் களி, களிக்குள் சிப்பி என்று வரிசையாக எழுதியிருந்தாய். தண்ணீரைப் பற்றி ஒரு வரிதான்! கல்லாகிப்போன சிப்பிக்குப் பேர்போன அரியலூர்க்காரன் புத்தி.

எனக்கு உடனே, இங்கிலாந்தின் பாறை அடுக்குகளை வரைபடமாகப் போட்ட வில்லியம் ஸ்மித் ஞாபகம் வந்தது. ஒரு மாதமாக இந்த ஆளோடுதான் குடித்தனம். 1769-இல் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் பிறந்த கொல்லர் மகன். எட்டு வயதில் அப்பா போய்விட்டார். அந்த ஊரில் பால்காரப் பெண்கள் வெண்ணெய் நிறுக்க, வயலில் கிடைக்கும் உருண்டைக் கல்லை எடைக்கல்லாக வைத்திருந்தார்களாம். உள்ளங்கையில் அடங்கும், மேலே ஐந்து இதழ்ப் பூ வரைந்த மாதிரி இருக்கும். கல்லாகிப்போன கடல் முள்ளெலி, அதாவது கடலில் வாழும் முள் உருண்டைப் பிராணி!

பிறகு நில அளவை வேலை. சாமர்செட் நிலக்கரிச் சுரங்கங்களில் இறங்கினால், எந்தக் குழியிலும் பாறை அடுக்குகள் ஒரே வரிசை. கால்வாய் வெட்டும்போதுதான் விஷயம் பிடிபட்டது. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு களியை எப்படிப் பிரிப்பது? உள்ளே கிடக்கும் சிப்பியைப் பார். அடுக்குக்கு அடுக்கு சிப்பி வேறு. இவ்வளவுதான் சூத்திரம். இதைக் கண்டவரை 1799-இல் கால்வாய்க் கம்பெனி வேலையை விட்டு நிறுத்தியது.

1815-இல் வரைபடம் வந்தது. எட்டடிக்கு மேல் உயரம், ஆறடி அகலம், கையால் தீட்டிய வண்ணம். ஒவ்வொரு அடுக்கின் அடிவிளிம்பிலும் நிறத்தை அழுத்தி, மேலே போகப் போக மங்கவிட்டிருக்கிறார். எது எதற்கு மேல் என்று கண்ணே சொல்லிவிடும். நான்கு வருஷத்தில் கடனுக்காகச் சிறை. லண்டன் நிலவியல் சங்கத்துப் பெரிய மனிதர்கள் போட்டி வரைபடம் போட்டு அவர் பிழைப்பைக் கெடுத்தது உண்மை. ஆனால் முழுப் பழியையும் அவர்கள் தலையில் கட்ட எனக்கு மனசில்லை. கல்குவாரியில் பணத்தை முடக்கிக் கையைச் சுட்டுக்கொண்டவர் அவரேதான். அதே சங்கம் 1831-இல் கூப்பிட்டு தன் உயர்ந்த விருதான வோலஸ்டன் பதக்கத்தை முதன்முதலில் அவருக்கே கொடுத்தது. அப்போது அவருக்கு 61 வயது. நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன்.

இங்கே எல்லாரும் சௌக்கியம். மூட்டுவலிதான் விடுவதாயில்லை. பொங்கலுக்கு வருகிறேன். அதுவரை சிப்பிகளை ஒரே சாக்கில் கொட்டிவிடாதே. எத்தனை அடியில் கிடைத்தது என்று சீட்டு எழுதித் தனித்தனியாகக் கட்டி வை.

உன்,
ராமு