செம்பனை லோரி அண்ணனுக்கு நன்றி
சென்ற வெள்ளிக்கிழமை காலை, மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் நகர் அருகே முதலாம் கூட்டரசுச் சாலையில் எங்கள் கார் திடீரென நின்றுவிட்டது. பின்னிருக்கையில் மருத்துவமனைக்குப் போக வேண்டிய அம்மா. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டும், தோட்டத்து லோரிகளுக்கு இன்றும் இந்தப் பழைய சாலைதான். கேட்க வேண்டுமா? ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

அண்ணே, நீங்கள் ஒருவர்தான் ஹாரன் அடிக்கவில்லை. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றிய லோரியைச் சற்றுத் தள்ளி நிறுத்தி, விளக்குகளை மினுக்கவிட்டு, சாலையோரத்தில் கிளை ஒடித்து எங்கள் காருக்குப் பின்னால் போட்டீர்கள். தோளில் கிடந்த சிவப்புத் துண்டை வீசி, இருபக்க வண்டிகளையும் மாறி மாறி அனுப்பினீர்கள். யாரும் உங்களைக் கேட்கவில்லை.

2008இல் வெளியான ஜப்பானிய ஆய்வில், 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டார்கள். குறுக்கே ஒன்றுமில்லாமலே நெரிசல் உண்டானது. ஒருவரின் தயக்கம் அடுத்தவருக்குத் தொற்றியது. பொறுமையும் தொற்றும் போலிருக்கிறது. ஹாரனிலிருந்து கையெடுக்காத அதே மனிதர்கள்தான் உங்கள் துண்டைக் கண்டதும் வரிசையில் நின்றார்கள். அதிகம் கத்தியவரே (இதுதான் வேடிக்கை) இறங்கிவந்து காரைத் தள்ளினார்!

கார் ஓரத்துக்கு வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் லோரியில் ஏறிவிட்டீர்கள். அம்மா நலமாக இருக்கிறார். வெயில் படாமலிருக்க அவர் தலையில் போட்ட உங்கள் துண்டு துவைத்து மடித்து வைத்திருக்கிறது. வாங்க வந்தால் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம், அம்மாவின் உத்தரவு.