போர்வெல் தண்ணீரில் ஃபுளோரைடு: உங்கள் ரிப்போர்ட்டில் எண் ஏன் மாறியது?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன வாரம் பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா இரண்டு ரிப்போர்ட்டுகளை மேசைமேல் வைத்தார். இரண்டும் நாங்கள் கொடுத்தவை, ஒரே போர் தண்ணீருக்கு. போன வருஷம் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.3 மில்லிகிராம், இந்த முறை 2.1. "இதுல எதைங்க நம்பறது?" என்று கேட்டார். அவர் வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான்.

போன வருஷம் வரை நாங்கள் சாயம் கலந்து நிறம் பார்த்தோம். ஃபுளோரைடு கூடக்கூட இளஞ்சிவப்பு வெளிறி மஞ்சளாகும். அதை நிற அட்டையோடு கண்ணால் ஒப்பிடுவோம். அரை மில்லிகிராமா, மூன்றா என்றால் யாருக்கும் தெரிந்துவிடும். 1.3-ஆ 1.8-ஆ என்பதில்தான் சிக்கல். டியூப்லைட்டில் ஒரு மாதிரியும் ஜன்னல் வெளிச்சத்தில் வேறு மாதிரியும் தெரியும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை. சரியாக அந்த இடத்தில்தான் கண் தடுமாறுகிறது.

இப்போது நாங்கள் பயன்படுத்துவது ஃபுளோரைடு எலக்ட்ரோடு. தடித்த பேனா போல இருக்கும், நுனியில் லாந்தனம் ஃபுளோரைடு படிகத் துண்டு ஒன்று. 1966-ல் ஃபிரான்ட், ராஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. அந்தப் படிகத்துக்குள் ஃபுளோரைடு அயனி மட்டும்தான் நகரும். உப்பு, சுண்ணாம்பு எதுவும் உள்ளே போகாது. தண்ணீரில் ஃபுளோரைடு பத்து மடங்கு கூடினால் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் இறங்கும். அதை மீட்டர் படிக்கிறது. எண் மெல்ல இறங்கி ஓர் இடத்தில் நிற்கும், நிற்கும்வரை காத்திருக்கிறோம். தினமும் காலையில் அளவு தெரிந்த கரைசல்களில் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் உங்கள் சாம்பிளைத் தொடுவோம்.

இன்னொன்று. அலுமினியமும் இரும்பும் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நிறச் சோதனையில் அலுமினியம் கலந்திருந்தால் அளவு குறைத்தே காட்டும். எலக்ட்ரோடும் பிடிபட்டதைப் பார்க்காது. அதனால் சாம்பிளோடு சரிபாதி பஃபர் கரைசல் சேர்த்து, பிடிபட்டதை விடுவித்த பிறகே அளக்கிறோம்.

அந்த அம்மாவிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறோம். மழைக்கும் கோடைக்கும் போர் தண்ணீரே மாறும். போன வருஷத் தண்ணீர் இப்போது கையில் இல்லை, அதனால் எவ்வளவு தண்ணீரின் மாற்றம், எவ்வளவு எங்கள் கண்ணின் பிழை என்று பிரிக்க முடியாது. ஆனால் இன்று முடிவெடுக்க வேண்டியது 2.1-ஐ வைத்துத்தான். பையனுக்கு நிரந்தரப் பற்கள் உருவாகும் வயது இது. ஃபுளோரைடு அதிகமாகிப் பல்லில் கறை விழுந்தால் விழுந்ததுதான். குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் குடிநீரை மட்டும் எடுங்கள், போர் தண்ணீரைத் துவைக்கக் குளிக்க வைத்துக்கொள்ளுங்கள் என்றோம். காய்ச்சினால் போகாதா என்று பலர் கேட்கிறீர்கள். போகாது. தண்ணீர் ஆவியாகி, மிஞ்சியதில் ஃபுளோரைடு செறிவு கூடத்தான் செய்யும்.

போன வருஷ ரிப்போர்ட்டில் 1-க்கும் 2-க்கும் நடுவே எண் வந்த எல்லோரும் புது சாம்பிள் கொண்டு வாருங்கள், கட்டணம் கிடையாது. மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, அரை லிட்டர் பிடியுங்கள். பிளாஸ்டிக் பாட்டில்தான் வேண்டும், கண்ணாடி வேண்டாம். அப்புறம், பழைய ரிப்போர்ட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
தண்ணீர் பரிசோதனைக் கூடத்தார்,
தருமபுரி