மேல் தட்டில் இருந்த ஃபைல்களைக் கீழே இறக்கி வைத்த அண்ணனுக்கு

நேற்று சம்பளம் பேங்கில் ஏறியது. 18 மாதத்துக்குப் பிறகு வந்த முதல் சம்பளம். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை, அதனால் விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். எனக்கு என்ன நடந்தது என்று உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும், கோலாலம்பூர் செந்தூல் வீட்டுக்கே வந்து பார்த்திருக்கிறீர்கள். அதைத் திரும்பச் சொல்லப்போவதில்லை.

முதல் நன்றி எங்கள் புது ஆபீஸ் ஸ்டோர் அண்ணனுக்கு. பேரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது.

ஜாலான் ஈப்போ பக்கம் இருக்கும் இந்த ஆபீசுக்கு இண்டர்வியூவுக்குப் போவதற்கு முன்பே நான்கு இடங்கள் ஏறி இறங்கியிருந்தேன். "இடையில் ஏன் வேலை செய்யவில்லை" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன நிமிடமே எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும், "நாங்க கூப்பிடுறோம்" என்பார்கள், அவ்வளவுதான். அன்றைக்கு நானே முந்திக்கொண்டேன். மார்பகப் புற்றுநோய், சிகிச்சை முடிந்துவிட்டது, மாத்திரை மட்டும் தினமும் ஒன்று, அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்திருப்பதால் இடது கையால் பாரம் தூக்கக் கூடாது, தூக்கினால் கை வீங்கக்கூடும் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தால் சுவர் முழுக்க அலமாரி, உச்சித் தட்டு வரைக்கும் தடித் தடியாக இன்வாய்ஸ் ஃபைல்கள். கணக்குப் பார்க்கிறவள் நாளைக்குப் பத்து தடவையாவது அதை எடுத்து வைக்க வேண்டும். சரி, இதுவும் போச்சு என்றுதான் நினைத்தேன். அப்போது டெலிவரி தாளில் கையெழுத்து வாங்க வந்து கதவோரம் நின்றிருந்தார் ஒருவர். அவர்தான் அந்த ஸ்டோர் அண்ணன், அப்போது நான் கவனிக்கவே இல்லை.

வேலை கிடைத்தது. திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் மேல் தட்டுகள் இரண்டும் காலி. ஃபைல்கள் எல்லாம் என் இடுப்பு உயரத்துக்கு வந்திருந்தன. நடப்பு வருஷம் கைக்கெட்டும் இடத்தில், பழையது அதற்குக் கீழே. ஒவ்வொரு ஃபைல் முதுகிலும் பழைய தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மாதத்தை எழுதி ஒட்டியிருந்தது, கொட்டை எழுத்தில். இங்கே எப்போதுமே இப்படித்தான் போலிருக்கிறது என்று நானும் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரம் கழித்துதான் பேன்ட்ரி அக்கா சொன்னார், சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்ததும் அண்ணன் தனியாக இருந்து ஏணி போட்டு எல்லாவற்றையும் இறக்கினாராம், சாயங்காலம் ஆகிவிட்டதாம். நான் ஓடிப்போய்க் கேட்டால், "மேல ஒரே பல்லி தொல்லைம்மா, அதான்" என்று சொல்லிவிட்டு ட்ராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அண்ணே, கீமோ நாட்களில் எத்தனையோ பேர் "தைரியமா இரு" என்று சொன்னார்கள், அன்பால்தான் சொன்னார்கள். ஆனால் என் கையால் இன்னும் என்ன முடியும் என்று யோசித்து, அதற்கேற்ப ஒரு அலமாரியை மாற்றி வைத்தவர் நீங்கள் ஒருவர்தான். விரல் நுனியில் மரத்துப்போன உணர்வு எனக்கு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஃபைல்களைப் புரட்டி மெல்லிய பென்சில் எழுத்தைத் தேடித் தடுமாறாமல் அந்தக் கொட்டை எழுத்தைப் பார்த்து ஃபைலை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் உங்களை நினைக்கிறேன்.

மற்ற எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே கும்பிடுகிறேன். ராஜா மூடா அப்துல் அஜீஸ் சாலையில் உள்ள தேசியப் புற்றுநோய்ச் சங்கத்தில் என் பேச்சைப் பொறுமையாகக் கேட்டவர்கள், வார்டு மிஸ்ஸிகள் (நர்சுகள்), பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பிய பக்கத்து வீட்டு அக்கா, எல்ஆர்டி ரயில் நிலையம் வரை காரில் கொண்டுபோய் விட்ட தம்பி.

ஒன்றை மட்டும் சொல்லியே ஆக வேண்டும், நான் ஏமாந்த இடம் அது. பழைய கம்பெனியில் "நீங்களே ராஜினாமா கடிதம் கொடுத்துடுங்க, அதான் மரியாதை" என்றார்கள். அழுதுகொண்டே எழுதிக் கொடுத்தேன். வேலை இழந்தவர்களுக்குப் பண உதவி தரும் வேலை காப்புறுதித் திட்டம் 2018 முதல் நடப்பில் இருக்கிறது, தானாக வேலையை விட்டவர்களுக்கு அது கிடைக்காது என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது. வேலை போனவர்கள் 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதும் தெரியாது. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் மீண்டும் வேலைக்குத் திரும்பும் திட்டம் 2007லிருந்தே இருக்கிறது. அது விபத்தில் அடிபட்டவர்களுக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன், நம்மைப்போல் நோயில் விழுந்து வேலை செய்ய முடியாமல் போனவர்களும் கேட்டுப் பார்க்கலாமாம். தயவுசெய்து, யார் எந்தக் கடிதத்தை நீட்டினாலும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் சொக்சோ ஆபீசுக்குப் போய்க் கேளுங்கள்.

தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள், நான் லீவு போட்டுக் கூட வருகிறேன். வேலைக்கு மனுப் போடும் கடிதம் எழுதத் தெரியவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க, உட்கார்ந்து எழுதுவோம்.

அண்ணே, தீபாவளிக்கு முறுக்கு சுற்றி முதல் டின் உங்களுக்குத்தான். நானே தூக்கிக்கொண்டு வருகிறேன், வலது கையால்.